சித்தப்பாவோட ஊசி

வியாழன், ராத்திரி

இன்னிக்கு வாதத்துல நான்தான் ஜெயிச்சேன். ஜெயிச்சிருக்கவே கூடாது.

ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போற எங்க சித்தப்பா காலையில ஃபேமிலி குரூப்ல ஒரு ஆடியோ போட்டாரு. விதையில்லா திராட்சை மரபணு மாத்துனதாம், தின்னா கேன்சராம். வீடியோ பாத்துப் பாத்தே சயின்ஸ் கத்துக்கிட்டவ நான், சும்மா இருப்பேனா? அது மரபணு மாத்துனதே இல்லன்னு எழுதுனேன். அதோட விட்டிருக்கலாம். "நீங்க டெய்லி போட்டுக்குற இன்சுலினே மரபணு மாத்துன கிருமி செய்றதுதான் சித்தப்பா, நல்லாதானே இருக்கீங்க?"ன்னு போட்டேன். குரூப்பே சிரிச்சுது. அத ஸ்டேட்டஸும் வெச்சேன்.

சாயங்காலம் சித்தி போன் பண்ணாங்க. "இன்னாடி சொல்லித் தொலைச்ச? மதியம் ஊசியே போடல. சுகர் முந்நூறத் தாண்டிடுச்சு."

சித்தப்பா வீட்டுக்கு ஓடுனேன். "அதுவும் அதே கண்றாவின்னு நீதானே சொன்ன?"ன்னாரு. கேன்சர் பயமா, ஸ்டேட்டஸ் கோவமான்னு தெரியல. ஸ்டேட்டஸ அவரு முன்னாடியே அழிச்சேன்.

"கிருமி செஞ்சாலும் நம்ம உடம்பு செய்ற அதே சரக்குதான் சித்தப்பா. இத்தினி வருஷமா உங்கள வேலைக்கு அனுப்புனது அதுதான்."

சட்டையத் தூக்கி வயித்தக் காட்டுனாரு. "நீயே குத்து, பெரிய டாக்டரு."

சித்தி அளவு பாத்துக் குடுத்தாங்க. குத்திட்டேன்.

"காலையிலயும் நீ வந்தாதான் போடுவேன்"னாரு. ஆறரைக்குக் கம்பெனி பஸ் வந்துடும். ஆறுக்கே அங்க நிப்பேன், அலாரம் மூணு வெச்சாச்சு. திராட்சைப் பேச்சு ஊசிக்கு அப்புறம்தான். ஆனா பேசாம விட மாட்டேன்.