நடுவில் நான் கவிழ்த்த கூடை

உப்புவெளி,
திருகோணமலை.
மே 18

அன்புள்ள மகன் ஜக்சனுக்கு,

நானும் உன் அண்ணன் ஜெயந்தனும் அந்தோனியார் காவலில் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் வலியைத் தவிர. அந்தக் குளிரில் உன் உடம்புக்கும் ஒன்றும் வரக்கூடாது என்று மன்றாடாத நாளில்லை. போனில் அண்ணன் பேரை எடுத்தாலே வைத்துவிடுவாய், அதுதான் கடிதம்.

கனடாவில் உனக்கு வதிவுரிமை கிடைக்கவேண்டும் என்று அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட சேவல் இருக்கிறதே, அது வளர்ந்து என் உயிரை வாங்குகிறது. அதுவும் அண்ணன் வளர்க்கும் கிழட்டுச் சிவப்பனும் ஒன்றையொன்று கண்டால் போதும், கழுத்து மயிரை விரித்துக்கொண்டு பாய்கின்றன. நேர்ந்த சேவலை அறுக்கவும் ஏலாது, ஆருக்கும் கொடுக்கவும் ஏலாது, யூன் பதின்மூன்று திருநாளில் கோயிலில் ஏலம் கூறும்வரை காயமில்லாமல் வைத்திருக்கவேண்டும். அதனால் சண்டை தொடங்கியவுடன் முற்றம் கூட்டும் தும்புத்தடியோடு ஓடிப்போய் உன் சேவலைப் பிடித்துக் கூடையால் மூடிவிடுவேன். நாலு நாள் கழித்துத் திறந்தால் முதலில் இருந்து ஆரம்பம். இப்படியே இரண்டு மாதம். நான் சமைக்கிற குசினிப் படி முழுக்க இறகு, பேடுகள் முட்டையிடுவதையே விட்டுவிட்டன. எனக்கு வந்த விசரில் இரண்டையும் கறியாக்கினால் என்ன என்றுகூட நினைத்தேன், அந்தோனியார் மன்னிக்கட்டும்.

கிண்ணியாவில் இருந்து வந்து பக்கத்து வளவில் இருக்கும் றுக்கியா, ஒரு வளவு நிறையக் கோழி வளர்ப்பவள், வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தாள். சீலாக்கா, நீங்க பிரிக்கிறதாலதான் இது முடியாமக் கிடக்கு, ஆரு பெரிசெண்டு அதுகளுக்கு இன்னும் தெரியாது, ஒருக்கா விட்டுப் பாருங்க என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தும்புத்தடியைக் குசினிக்குள் போட்டுப் பூட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பாய்ந்தன, கொத்தின, உன் சேவலின் கொண்டையில் இரத்தம் வந்தது. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான். அது தலையைத் தாழ்த்திக்கொண்டு முருங்கைக்குப் பின்னால் போய்விட்டது, சிவப்பன் துரத்தவுமில்லை. இப்போது சிவப்பன் முதலில் கூவ மற்றது பிறகு கூவுகிறது, இரண்டும் ஒரே சட்டியில் தண்ணீர் குடிக்கின்றன. அந்தச் சண்டையை இரண்டு மாதம் வளர்த்தது நான்தான்.

மகன், அப்பாவின் வள்ளத்தை அண்ணன் உன்னைக் கேட்காமல் வேறு ஆளுக்குக் கொடுத்த நாளில் இருந்து நீங்கள் இருவரும் கதைப்பதில்லை. நடுவில் நின்று கதை கொண்டுபோனவள் நான். ஈஸ்டருக்கு அண்ணன் மன்னிப்புக் கேட்டான் என்று சொன்னேனே, அவன் கேட்கவில்லை. நீ அவனைச் சுகம் விசாரித்தாய் என்று அவனுக்குச் சொன்னதும் பொய். உங்கள் இருவரையும் கூடையால் மூடியே மூன்று வருடம் ஓட்டிவிட்டேன், எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது. இன்று காலை அவனிடமும் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டான்.

இனி ஒருவர் கதையை மற்றவருக்குக் கொண்டுவரமாட்டேன். அவனுடைய நம்பர் மாறவில்லை. எடுத்துத் திட்டு, அவனும் திட்டட்டும், நான் குசினிக்குள் இருந்துகொள்கிறேன்.

மாதாவும் அந்தோனியாரும் உனக்குத் துணையாக இருக்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. கொண்டை கிழிந்த சேவலைக் கோயிலில் எடுப்பார்களோ என்று ஃபாதரிடம் கேட்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் கடலுக்குப் போவதில்லை, வீட்டில்தான் இருப்பான்.

இப்படிக்கு,
உன் அம்மா
சீலா