உன் பெயரில் போன மெயில்கள்

என் கோமதிக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. திட்டாதே, முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை நாளும் நம்மிடம் சரக்கு வாங்கும் எல்சா மேடத்துக்கு உன் பெயரில் மெயில் போட்டது நான்தான்.

நம் பனியன் கம்பெனியில் துணி வெட்டுவது நான், சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் எழுதுவது நீ. இருபது வருடம் அப்படித்தானே ஓடியது? உன் காரியம் முடிந்து கம்பெனிக்குப் போன அன்று கம்ப்யூட்டரைத் திறந்தால், 'டியர் கோமதி' என்று மேடம் எழுதியிருக்கிறார். சேம்பிள் எப்போது வரும் என்று கேள்வி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் பழைய மெயில்களைத் தேடி, ஒன்றில் பாதியும் இன்னொன்றில் பாதியும் எடுத்து ஒட்டி, கீழே உன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். பழைய பேட்டர்னை வைத்துப் புதுத் துணி வெட்டிப் பழகிய கைதானே இது.

மறுநாளும் 'டியர் கோமதி' என்று வந்தது. உலகத்தில் ஒருத்தருக்காவது நீ இன்னும் இருக்கிறாய் என்று தோன்றியது. அந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது. நம் மகள் வித்யா தினமும் போன் செய்து சாப்பிட்டீர்களா என்கிறாள். அவளிடம்கூட இதைச் சொல்லவில்லை.

போன வாரம் வசமாக மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை லீவு என்று சொல்ல வேண்டியிருந்தது. உன் பழைய மெயிலில் வெள்ளிக்கிழமை, லீவு என்ற இரண்டு வார்த்தையும் கண்ணில் பட்டதும் வரியை அப்படியே எடுத்து ஒட்டினேன். மகளுக்குப் பத்தாவது பரீட்சை என்பதும் அதே வரியில் இருந்திருக்கிறது. வித்யா கல்யாண போட்டோவை மேடத்துக்கு அனுப்பியதே நீதானே? உடனே பதில் வந்தது. "கோமதி, இதை எழுதுவது நீதானா?"

இனி ஒட்டுப்போட முடியாது, நானே எழுதியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வித்யாவின் பழைய கிராமர் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். முக்கிய வாக்கியமாம், அதைச் சார்ந்த துணை வாக்கியமாம். 'பிகாஸ்' என்று தொடங்குவது தனியாக நிற்காதாம். சத்தம் போட்டுப் படித்தேன். தப்பென்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. நீ இருந்தால் சிரித்தே என் மானத்தை வாங்கியிருப்பாய்.

பிறகு மெயிலைத் தொடங்கினேன். காய்ச்சல் வந்ததால், ஆஸ்பத்திரியில் சேர்த்ததால், டாக்டர் கைவிரித்ததால் என்று இழுத்துக்கொண்டே போனேன். அரைப் பக்கம் ஆகியும் நீ செத்துப்போனதை எழுதவில்லை. தமிழில் என்றால் கடைசிச் சொல் வரைக்கும் தள்ளிப்போடலாம், இல்லையா? ஒருமுறை சரக்குத் தாமதமானதற்கு நான் இப்படித்தான் கதை அளந்தேன். நீ டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாய்.

"ஏனுங்க மாமா, யாரு, என்னாச்சுன்னு மொதல்ல சொல்லிப்போடுங்க. காரணத்தைப் பொறவு சேத்திக்கலாமுங்க."

அரைப் பக்கத்தையும் அழித்தேன். கோமதி இறந்துவிட்டாள் என்று அடித்தேன். இங்கிலீஷில் அது இரண்டே வார்த்தை. இத்தனை நாள் எழுதியது நான், அவள் கணவன், மன்னிக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் சேர்த்தேன்.

இன்று காலை பதில் வந்தது. மேடம் அழுதாராம். என் மேல் கோபம் இல்லையாம், ஆர்டரும் நம்மிடமே இருக்குமாம். ஆனால் முதல் வரியில் 'டியர் பழனிச்சாமி' என்று இருக்கிறது, கோமதி. உனக்கு வந்துகொண்டிருந்த ஒரே கடிதத்தையும் நானே நிறுத்திவிட்டேன். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இனி எழுதுவதெல்லாம் என் பெயரில், என் தப்புகளோடு போகும். உன் வாயால் நான் பேச மாட்டேன். உனக்கு யாரும் எழுத மாட்டார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதே, நான் எழுதுவேன்.

உன் மாமா,
பழனிச்சாமி