வெள்ளிக்கிழமை பூட்டியிருந்த அரண்மனை

ஜனவரி 14, செவ்வாய்

நாளைக்குக் கடையநல்லூரிலிருந்து சுல்ஃபத் லாத்தா வருகிறாள். கொச்சியைச் சுற்றிப் பார்க்கணுமாம். நான் மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு, அக்காவுக்கு இப்போதுதான் இந்த ஆசை வந்ததா? சித்தி போனில் சொல்லிவிட்டாள். லாத்தாவின் வீட்டுக்காரர் மௌத்தாகிப் போனதிலிருந்து, கொழுந்தன்மார் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்களாம். இங்கே வந்து இருக்கலாமா என்று கேட்கத்தான் வருகிறாள்.

நான் என்ன செய்ய? மாடி அறை முழுக்க இவருடைய கடைச் சுக்கு மூட்டை. இவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

ஜனவரி 15, புதன்

வந்த கையோடு கிளப்பிவிட்டேன். யூதர் தெரு, படகில் எறணாகுளம், சுபாஷ் பூங்கா. பாவம், அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. சோறு தின்றதும் படுத்துவிட்டாள். நல்லதாய்ப் போச்சு.

ஜனவரி 16, வியாழன்

திருப்பூணித்துறை மியூசியம். ராஜா கிரீடம், தோட்டம், மான். இன்றும் தப்பித்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

இவர் ஜும்ஆ தொழுகைக்குப் போனதும் மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போனோம். சுவர் ஓவியம் பார்த்தே ஒரு மணி நேரம் ஓடிவிடும் என்று நினைத்தேன். கதவு பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை லீவாம். பத்து நிமிஷ நடைதான், இதுகூட எனக்குத் தெரியவில்லை.

லாத்தா மரத்தடியில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தேன். முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏளா ஹஸீபா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

நான் எழுந்து ஆட்டோவுக்குக் கை காட்டினேன். "அப்புறம் கேளு லாத்தா, பீச்சுக்குப் போயிட்டு வந்துருவோம்."

மத்தியானம் ஒரு மணிக்கு எவளாவது பீச்சுக்குப் போவாளா? போனோம். சீன வலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

சீ, நானும் ஒரு மனுஷியா?

ஜனவரி 18, சனி

காலை வண்டிக்குப் போய்விட்டாள். அவள் பெட்டியைத் தூக்க முடியவில்லை, அவ்வளவு கனம். மூணு நாளைக்கு யார் அவ்வளவு துணி கொண்டு வருவார்கள்?

ஜனவரி 20, திங்கள்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாயாவைக் குடிக்காமல் வைத்துவிட்டார்.

"மூட்டைய கடைக்கு மாத்த அரை நாள் போதுமே. நீ ஏன் எங்கிட்ட கேக்கல?"

ஏன் கேட்கவில்லை? சரி என்று சொல்லிவிடுவாரோ என்றுதான். எனக்கு இஷ்டமில்லை, இவர் மேல் பழியைப் போட்டுவிட்டேன். அல்லாஹ்வுக்குத் தெரியும்.

ஜனவரி 22, புதன்

மாடி காலி. போன் போட்டேன், லாத்தா எடுக்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்றுதான் பேசினாள். திருநெல்வேலியில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலையாம், தங்க இடமும் கொடுத்திருக்கிறார்களாம். ஐம்பத்திரண்டு வயதில். இங்கே வந்துவிடு, அறை இருக்கிறது என்று அழுதேன். ஒத்துக்கொண்டாச்சு, பாதியில் விடக்கூடாது என்றாள். என்னைப் பற்றி விடுதிப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாளாம்.

"எந்தங்கச்சி வீட்டு வேலையெல்லாம் போட்டுட்டு மூணு நாளும் எங்கூடவே இருந்தான்னு சொன்னேன்ளா."

குத்திக்காட்டவில்லை, மனசாரத்தான் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.