ஆப்பசோடாவும் உன் பெயரும்

இன்று காலை என் சமையலறையில் அந்தச் சத்தம் கேட்டது. எலுமிச்சம்பழச் சாற்றில் ஆப்பசோடா விழுந்ததும் புஸ்ஸென்று பொங்குமே, அந்தச் சத்தம். கூடவே புளிப்பும் உவர்ப்புமாக ஒரு வாசனை. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். நேற்று லாங் ஐலண்டிலிருந்து கப்பலில் வந்திறங்கிய என் கணவரின் அக்கா, டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கலக்கிக்கொண்டிருந்தார். நுரை அடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்து, "உடம்புல ஆசிட் ஏறிடுச்சு செல்வி. இதக் குடிச்சா எல்லாம் சமமாயிடும்" என்றார்.

நீ சொன்ன அதே வார்த்தைகள். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. உன்னிடம் சொல்லாமல் நான் எந்தக் காரியத்தையும் செய்ததில்லை. அண்ணியிடம் பேசப்போவதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்யப்போகிறேன்.

உனக்கு நினைவிருக்கும், நம் இரண்டு பேருடைய அப்பாக்களும் பிழைப்பு தேடி இந்த அந்தமான் தீவுக்கு வந்தவர்கள். உன் அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து ரோடு வேலைக்கு, என் அப்பா ராமநாதபுரத்திலிருந்து துறைமுக வேலைக்கு. நாம் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கல்யாணமாகியும் பிரியவில்லை. போர்ட் பிளேயர் டெலானிபூர் மேட்டில் எங்களுக்கு மேல் வரிசையில் குவார்ட்டர்ஸ், உங்களுக்குக் கீழ் வரிசையில். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ ஆப்பம் ஊற்றினால் அந்தச் சரிவு முழுக்கத் தூக்குவாளியோடு நிற்கும். பெங்காலி, தெலுங்கு, மலையாளி என்று பேதமே கிடையாது.

உன் குரலும் அப்படித்தான், பேதம் பார்க்காது. படகுத்துறை டிக்கெட் வரிசையில் ஒரு போலீஸ்காரர் முன்னால் புகுந்தபோது, "பையா, லைன் மே ஆயியே", வரிசையில் வாங்க அண்ணா, என்று நீ சொன்ன தோரணையில் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கடைசியில் போய் நின்றார். அப்படிப்பட்ட உன்னை போனில் வந்த ஒரு வீடியோ ஏமாற்றியது என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

தொடக்கத்தில் அதில் தப்பொன்றும் இல்லை. உனக்கு நெஞ்செரிச்சல் இருந்தது. கால் ஸ்பூன் சோடாவைத் தண்ணீரில் போட்டுக் குடித்தாய், ஏப்பம் வந்தது, எரிச்சல் அடங்கியது. கேட்டது கேட்டதுதான், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் கேட்கிற மருந்தின் மேல் மனிதனுக்கு வருகிற நம்பிக்கை இருக்கிறதே, அது அளவோடு நிற்பதில்லை. அப்போது யாரோ உனக்கு ஒரு வீடியோ அனுப்பினார்கள். நம் தீவின் நெட்வொர்க்கில் அது சுற்றிச் சுற்றி நின்றது. நீ ஜன்னலோரம் போய்க் கையை நீட்டி நீட்டித் துண்டு துண்டாகப் பார்த்தாய். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், எல்லா நோய்க்கும் உடம்பு அமிலமாக மாறுவதுதான் காரணம், அதைக் காரமாக மாற்றிவிட்டால் பிரஷரும் இல்லை, மூட்டு வலியும் இல்லை என்று அடித்துச் சொன்னார்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆரம்பித்தாய். பிரஷர் மாத்திரையை நிறுத்தினாய். மெயின்லேண்டிலிருந்து தபாலில் ஒரு டப்பா வரவழைத்தாய். அதில் காகிதப் பட்டைகள். சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும். மஞ்சளாக இருந்தால் அமிலம், பச்சையோ நீலமோ ஆனால் காரம். ஒருநாள் படியேறி மூச்சு வாங்க வந்து, நீலமாகிவிட்ட பட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். "பாத்தியா, பிஎச் மாறிடுச்சு. இனி எனக்கு ஒண்ணும் வராது" என்றாய். உன் கணுக்கால் வீங்கியிருந்தது. முகமும் உப்பியிருந்தது. அதைத்தான் நான் சொன்னேன். வார்த்தை தடித்தது. சோடாவும் ஒருவகை உப்புதானே, பிரஷர்காரி இப்படிக் குடிக்கலாமா என்று கேட்டதற்கு, எனக்குப் பொறாமை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாய். கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமை ஆப்பம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

பிறகு உன் சித்தப்பா மகன் ஹேவ்லாக் தீவில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தான். கோபத்தை மறந்து ஒன்றாகத்தான் போட் ஏறினோம். பாதி வழியில் நீ பேச்சை நிறுத்தினாய். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்தாய். உட்கார்ந்தாலும் முட்டியது. மேல்தளத்துக்குக் காற்றாட அழைத்துப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் விழுந்தவள் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூச்சிழுத்தாய். உன் உதடு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்ததும் உதவிக்கு ஆள் கூப்பிட்டுக் கத்தினேன். ஓர் ஒடியா வாலிபர் தன் தோளில் உன்னைச் சாய்த்துக்கொண்டு கரை வரும்வரை விசிறிக்கொண்டே வந்தார்.

விழா வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆஸ்பத்திரி. ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். பிரஷரைப் பார்த்த நர்ஸ் இரண்டாம் முறையும் பார்த்தார். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டபோது நான் உன்னைப் பார்த்தேன். நீ மழுப்பிவிடுவாய் என்று நினைத்தேன். நீயோ முகமூடியை விலக்கிவிட்டு, கைப்பையைக் காட்டினாய். அதற்குள் ஒரு சிறிய பாட்டில் நிறைய ஆப்பசோடா. பயணத்திலும் விட்டுவிடக் கூடாது என்று கொண்டுவந்திருந்தாய். பட்டை நீலமாக மாறியதையும் மறைக்காமல் சொன்னாய்.

டாக்டரம்மா மலையாளி. சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தமிழும் ஹிந்தியுமாகச் சொன்னார்: "ரத்தத்துல அமிலம் எவ்வளவுங்கற அளவ உங்க லங்க்ஸும் கிட்னியும் பாத்துக்குது. நம்ம குடிச்சு அத மாத்த முடியாது. நீங்க குடிச்ச சோடாவ கிட்னி கஷ்டப்பட்டு வெளிய தள்ளிச்சு. பட்டையில தெரிஞ்ச கலர் அதுதான். உடம்பு குணமான கலர் இல்ல அம்மா."

நீ முகமூடியை மறுபடி மாட்டிக்கொண்டாய்.

போர்ட் பிளேயருக்குக் கொண்டுவந்து எல்லாச் சோதனையும் செய்தபோது, சிறுநீரகம் இரண்டும் பெருமளவு கெட்டிருந்தது. பிரஷர் அதைச் சத்தமில்லாமல் முன்பே அரிக்கத் தொடங்கியிருக்கலாம், மாத்திரையை விட்டதும் சோடாவின் உப்பும் சேர்ந்து வேகமாகத் தள்ளிவிட்டது என்றார்கள். எவ்வளவு எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார்கள். நீ அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. "எதனால போச்சுன்னு கணக்குப் பாக்க எனக்கு நேரமில்ல. மிச்சம் இருக்கறத எப்படிக் காப்பாத்தறதுன்னு சொல்லுங்க" என்று பெரிய டாக்டரிடமே கேட்டாய். அன்றைக்குத்தான் எனக்கு என் பழைய தோழி திரும்பக் கிடைத்தாள்.

அதற்குப் பிறகு நீ இருந்த இருப்பை நான் யாரிடமும் கண்டதில்லை. உப்பைக் குறைத்தாய். தண்ணீரை அளந்து குடித்தாய். தென்னை மரங்களுக்கு நடுவில் வாழ்ந்துகொண்டு இளநீரைத் தொடக் கூடாது என்றார்கள். அதில் இருக்கிற பொட்டாசியச் சத்தை உன் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாதாம். ரோட்டோரம் இளநீர் வெட்டுகிற இடம் வந்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நடப்பாய், வாசனை வந்தால் ஆசை வருமாம். ஒருமுறை டாக்டர் எழுதித் தந்த புது மாத்திரைப் பெயரைக் கேட்டு நீ வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய். அது சோடாவேதான். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ரத்தம் உண்மையிலேயே அமிலமாகத் தொடங்குமாம்; அதற்கு ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்து, அளவாக டாக்டர்களே அந்த மாத்திரையைத் தருவார்களாம். "பாத்தியாடி, கடைசில எங்கிட்டதான் வந்தாங்க" என்றாய். டாக்டரும் சிரித்துவிட்டு, உங்களுக்குத் தேவையில்லாதபோது ஸ்பூனில் குடித்தீர்கள், தேவைப்படும்போது நான் அளந்து தருகிறேன், வித்தியாசம் அவ்வளவுதான் என்றார்.

பிறகு டயாலிசிஸ். வாரத்தில் பாதி அங்கேதான் போயிற்று. கையில் ஊசி ஏற்றியபடியே பக்கத்துக் கட்டில்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பாய். மாயாபந்தரிலிருந்து வந்த ஒரு பெங்காலிப் பெண்ணுக்கு டயாலிசிஸே வேண்டாம், மூலிகைக்காரர் இருக்கிறார் என்று அவள் கணவர் பிடிவாதம் பிடித்தார். எல்லோரும் அவருக்குப் புத்தி சொன்னார்கள். நீ சொல்லவில்லை. "கிஸ் பாத் கா டர் ஹை, தாதா?" என்று மட்டும் கேட்டாய். எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று அதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்த மனிதர் அழுதுவிட்டார். மெஷினில் ஏறினால் அவளால் இறங்கவே முடியாது என்று பயந்தாராம். நீ உன் கையிலிருந்த குழாயைக் காட்டி, ஏறி இறங்கி மறுபடி ஏறுகிற கதையையெல்லாம் அவருக்குச் சொன்னாய். அவர் சம்மதித்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் என்னிடம் சொன்னாய், உன்னையும் அப்போது யாரும் அப்படிக் கேட்கவில்லை என்று. கேட்டிருந்தால், உன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாததைச் சொல்லியிருப்பாயாம்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டது. ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது. மூன்றாம் நாள் பகலில், நானும் உன் மகளும் பக்கத்தில் இருக்க, நீ போனாய்.

இவ்வளவையும் எழுதிவிட்டு இன்று மத்தியானம் அண்ணியிடம் போய் உட்கார்ந்தேன். திட்டவில்லை. உன்னைப் போலவே கேட்டேன், எதுக்கு அண்ணி பயம் என்று. முதலில் ஒன்றுமில்லை என்றார். அவரோடு சேர்ந்து புளியில் கொட்டை எடுத்தேன். பிறகு அவராகவே, "அந்தப் பிரஷர் மாத்திர போட்டா வறட்டு இருமல் வருது. ராத்திரி பூரா இருமுனா மருமக மூஞ்சி மாறுது. விட்டுட்டேன். இருமல் நின்னு போச்சு. அதான் இது" என்றார். இவ்வளவுதான் விஷயம், தெரியுமா. உன்னைப் பற்றி முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நாளைக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ என்றார்.

நேற்று அத்துடன் இதை மூடி வைத்தேன். இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து எழுதுகிறேன். அண்ணிக்குப் பிரஷர் ஏறித்தான் இருந்தது. சிறுநீரகச் சோதனை செய்தார்கள், நன்றாக இருக்கிறது. இருமல் அந்த மாத்திரையால் வருவதுதான், சிலருக்கு வரும் என்று சொல்லி வேறு மாத்திரைக்கு மாற்றினார் டாக்டர். எப்போதாவது நெஞ்செரிந்தால் என்ன செய்வது என்று அண்ணி கேட்டார்; அதற்கும் வேறு மருந்து எழுதினார், நீங்களாகச் சோடா குடிக்க வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் ஆப்பசோடாப் பொட்டலத்தைத் தூக்கி எறியப்போனார். நான்தான் தடுத்தேன். ஆப்பத்துக்கு வேண்டுமே.

மாலையில் அண்ணி கீழ் வரிசைப் பெண்களிடம் உட்கார்ந்து கதையைச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அவர்கள் கூட்டமாக மேலே வந்தார்கள். எத்தனை வீட்டில் காலையில் அந்த நுரை பொங்குகிறது என்று அவர்கள் பேசிக்கொண்டபோதுதான் தெரிந்தது. ஒருத்தி கர்ப்பிணி. ஒருத்தி சர்க்கரைக்காரி. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் எல்லோரையும் கூட்டுகிறோம், நம் பகுதி நர்ஸம்மாவும் வருகிறார், நடந்ததை நீங்கள் சொல்லுங்கள் என்றார்கள். நாலு பேர் முன்னால் நான் பேசியதே இல்லை என்பது உனக்குத் தெரியும். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு தயக்கம். ஒரு தெரிந்த பெண் என்று சொல்வதா, பெயரைச் சொல்வதா? உன் மகளுக்குப் போன் போட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. கடைசி நாட்களில் நீ அவளிடம் சொன்னதை அப்படியே சொன்னாள்: "என் பேரச் சொல்லியே சொல்லுங்க. நான் என்ன திருடுனேனா? ஏமாந்தேன். பேரு தெரிஞ்சாத்தான் நம்புவாங்க."

இந்த மடலில் உன் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. நாம் இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது பெயர் எதற்கு? ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்தில் எழுந்து நின்றதும் முதலில் அதைத்தான் சொல்வேன். உன் அப்பா பெயரோடு, கதவுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி.