நாரி உளைவும் மாமியின் ரொபியும்

மச்சாள்,

இன்று பின்னேரம் குசினியில் நின்று, நோவுக்குப் போடும் குளிசை மட்டையிலிருந்து ஒன்றை அழுத்தி எடுத்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் மகள் ஓடிவந்து கை நீட்டினாள். "மாமீன்ர ரொபி! அம்மாவும் சாப்பிடுறீங்களோ?"

குளிசையைக் கைக்குள் மூடிக்கொண்டேன். "பெரியாக்களின்ர ரொபி" என்று, ஏதோ இனிப்புப் போல அவளுக்குச் சொல்லிச் சொல்லி இந்தக் குளிசைகளை விழுங்கியிருக்கிறீர்கள். ஒரே வீட்டில் இருந்த எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் கண்மூடி ஒரு வருடமாகப் போகிறது. இன்றைக்கும் வயிறு எரிகிறது.

உங்கள் தம்பியைக் கட்டி வந்த நாளிலிருந்தே உங்கள் மேல் இந்தப் பொறாமை. வெள்ளவத்தையில் நாலாம் மாடி, பாதி நாள் லிஃப்ட் ஓடாது. உங்களுக்கு ஒரு கையில் மரக்கறிப் பை, இடுப்பில் என் பிள்ளை. நீங்கள் ஏறிக்கொண்டே கதைப்பீர்கள். பிள்ளை பெற்ற உடம்போடு நான் கீழ்முதுகு உளைய, நாரியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவேன். உங்கள் அம்மா வாசலிலேயே தொடங்குவா: "என்ர மகளைப் பார். ஒரு தலையிடி எண்டு படுத்தவளே?" பிள்ளையும் உங்கள் தோளில்தான் நித்திரை கொள்ளும்.

ஒருநாள் காலி வீதிப் பாமசியில் நீங்கள் குளிசை வாங்குவதைக் கண்டு, டொக்டரிடம் காட்டச் சொன்னேன். சிரித்தீர்கள். "அவருக்குத் தமிழ் தெரியாது. நாரி உளையுது எண்டதை இங்கிலீசில என்னெண்டு சொல்லுறது? பெயின் எண்டா நோ. நோ வேற, உளைவு வேற. பாமசியில கையை நீட்டினாக் காணும், ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்."

எப்போதாவது ஒன்று என்றுதான் நினைத்தேன். வயிற்றுப் புண் வெடித்து இரத்தமாய் வாந்தி எடுத்த அன்று, எவ்வளவு காலமாகக் குளிசை போடுகிறா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போது விளங்குகிறது. சொல் கிடைக்காதது வெறும் சாட்டு. நோகிறது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் 'என்ர மகளைப் பார்' என்ற பேர் போய்விடும். அந்தப் பேர் இப்போது ஆளில்லாமல் கிடக்கிறது, மச்சாள். எனக்கும் அதில் ஆசைதான்.

எடுத்த குளிசையையும் மட்டையையும் மகளுக்கு எட்டாத தட்டில் வைத்துவிட்டு உங்கள் தம்பியிடம் போனேன். "எனக்கு நாரி உளையுது. நாளைக்கு டொக்டரிட்டப் போகவேணும். பிள்ளையைப் பாருங்கோ."

அவர் போனிலிருந்து நிமிர்ந்தார். "அக்கா ஒருநாளும் இப்பிடிச் சொன்னதில்ல."

"ஓம். அதுதான் நான் சொல்லுறன்."

அவர் தலையாட்டினார். அந்த முகத்தில் அப்போதும் நீங்கள்தான் உசத்தி. அந்த எரிச்சலையும் சுமந்துகொண்டுதான் நாளைக்குப் போகிறேன்.