ஒரு டம்ளர் தண்ணீர்

தம்பிக்கு,

கோபம் வரும். வரட்டும். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கிழித்துப் போடு.

குழந்தைகள் நல அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டேன். எந்த வீட்டுக்கு விசாரிக்கப் போனாலும் குழந்தையிடம்தான் முதலில் தண்ணீர் கேட்பேன். தாகத்துக்காக இல்லை. யார் முகத்தைப் பார்த்துவிட்டு அது எழுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டிலும் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். பாப்பா உன் முகத்தைப் பார்த்தாள். "போ, அத்தைக்குச் சிந்தாம கொண்டு வா" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். வரும் வழியில் இரண்டு சொட்டு சிந்தியது. நீ வாயே திறக்கவில்லை. அவளாகவே கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

வேறு வீடாக இருந்தால் அன்றைக்கே அறிக்கை எழுதியிருப்பேன். உன் வீடு என்பதால் தண்ணீரைக் குடித்துவிட்டு, "வரேண்டா" என்று கிளம்பி வந்தேன். மூன்று நாளாக அந்தத் தண்ணீர் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். சொந்தக்காரர் வீட்டை நாங்களே விசாரிக்கக் கூடாது. அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்த பெண் வந்திருக்கிறாள். நீ இதைப் படிக்கிற நேரத்தில் பாப்பாவிடம் தண்ணீர் கேட்டிருப்பாள். குறுக்கே போகாதே.

என்னைத் திட்ட வேண்டுமானால் வீட்டுக்கு வா. சாப்பாடு போட்டுவிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். எழுதியதைத் திரும்ப வாங்க மாட்டேன்.

நாம் இரண்டு பேரும் அப்பா முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தானே தண்ணீர் குடித்து வளர்ந்தோம். நம் வீட்டுக்கு யாருமே வரவில்லையடா.

உன் அக்கா