தலைகீழாய்க் குத்திய லாடம்

என் அருள் அண்ணனுக்கு,

பாஸ்ராவிலிருந்து நீ ரெஜினாவுக்காக அனுப்பிய, சேலையில் குத்தும் வெள்ளிப் புரோச்சை நேற்றுதான் அவளிடம் கொடுத்தேன். நீ மாண்ட யுத்தம் முடிந்து, இப்போது இரண்டாவதும் நடக்கிறது. அத்தனை காலமும் அது என் மேசை இழுப்பறையில் இருந்தது.

அன்று பொட்டலத்தைப் பிரித்த அம்மா திகைத்துப் போனாள். ஒரு குதிரை லாடம், அதற்குள் நாலு இலை. "கட்டிக்கப் போற பொண்ணுக்கு லாடமாடா அனுப்புவான்? அவ என்ன வண்டி மாடா? அவங்க வீட்டுல சிரிக்க மாட்டாங்க?"

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதிர்ஷ்டத்துக்காகத் தங்கள் பெண்களுக்கு அனுப்புவது அதுதான் என்று நீ எழுதியிருந்தாய். நான் படித்தவன், அம்மாவுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். நீயே வந்து சொல்லிக்கொள்வாய் என்று அம்மாவிடமிருந்து வாங்கி வைத்தேன். நீ வரவில்லை. பிறகு கொடுக்கத் தைரியமும் வரவில்லை. இதை நீ மன்னிப்பாயா?

போன ஞாயிறு நம் பிளாக்பள்ளி மாதா கோயில் வாசலில், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, நிச்சயமான பையன் பர்மா பக்கத்திலிருந்து அனுப்பிய புரோச்சைக் காட்டிக்கொண்டிருந்தாள். அதே லாடம்! கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட ரெஜினா அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "உனக்காச்சும் வந்துச்சேடி. எனக்கு வாய்ச்சவரு ஒரு குண்டூசிகூட அனுப்பல."

ஆறு நாள் தூங்கவில்லை. சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாகத் தாளில் எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு நேற்று போனேன். அவள் கதவைத் திறந்ததும் மூன்றும் மறந்தன. "அண்ணி" என்றேன். அப்படி அழைத்தது அதுவே முதல் தடவை. நடந்ததைச் சொல்லிப் புரோச்சை நீட்டினேன். அம்மாமேல் பழி போடவில்லை.

அவள் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "ஏன் வாத்தியாரே, ஊருக்கெல்லாம் பாடம் சொன்னீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல இத்தனை வருஷமா?" பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்திவிட்டாள்.

இன்று பூசைக்கு அதைக் குத்திக்கொண்டு வந்தாள், அண்ணே. ஆனால் லாடத்தின் திறந்த பக்கம் கீழே இருந்தது. அது மேலே இருந்தால்தான் அதிர்ஷ்டம் சிந்தாது என்று நீ எழுதியதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. "இது யாரு அனுப்பினது, அக்கா?" என்று ஸ்டெல்லா கேட்டாள். ரெஜினா என்னைப் பார்த்தாள். நான் என் குடையைப் பார்த்தேன்.

வரும் ஞாயிறு அப்படி நடக்காது. அதே வாசலில், எல்லார் காதிலும் விழும்படி சொல்வேன்: இதை அனுப்பியது என் அண்ணன், ஒளித்து வைத்தது நான், அண்ணி, திருப்பிக் குத்திக்கொள்ளுங்கள். இந்த முறை தாளில் எழுதிக்கொண்டு போகப்போவதில்லை.

உன் தம்பி,
ரெஜினா அண்ணியின் கொழுந்தன்,
சவரிமுத்து